எண்ணாமல் விட்ட குஞ்சுகள்

வயலுக்கு மருந்தடிக்கிற மணம் பஸ்ஸுக்குள் வந்தால் எல்லாரும் யன்னலை இழுத்து மூடுவார்கள். நான் மூடுவதில்லை. திருக்கேதீஸ்வரச் சந்தி தாண்டி வயல்வெளி விரியும் இடத்தில், ஈரச் சேற்று வாசத்துக்கு மேலாக அது வரும். மண்ணெண்ணெயும் அழுகிய உள்ளியும் கலந்தது போல, கொஞ்சம் இனிப்பாக, நாக்கின் அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். நான் வயல்காரர் வீட்டில் பிறந்தவள். இந்த மணத்தோடு எனக்கு வரவேண்டியது அண்ணையின் முதுகில் தொங்கும் மருந்துத் தாங்கியும் வரம்பில் காயும் அவருடைய சேட்டும். ஆனால் வருவது மன்னார்த் தீவின் எருக்கலம்பிட்டியில் ஒரு வீட்டின் பின்வளவு. தகரக் கொட்டில். அதற்குள் தண்ணீர் நிரப்பிய நீலப் பீப்பாய்கள், பரல்கள் என்போம். பரல்களுக்குள் தெரிந்தும் தெரியாமலும் துடிக்கிற நண்டுக் குஞ்சுகள். மணத்துக்கு விலாசம் மாறிவிட்டது.

விலங்கியல் படிப்பிக்க அந்த ஊருக்கு மாற்றம் கிடைத்துப் போனபோது வாடகைக்கு அறை கிடைத்த வீடு அது. நான் ஓர் ஊரில் வேர்விடுகிற ஆள் இல்லை. மாற்றம் வந்தால் ஒரு பெட்டி, ஒரு பாய், பல்கலைக்கழக நாளில் வாங்கிய பழைய ஒற்றைக்கண் நுணுக்குக்காட்டி, அவ்வளவுதான் என் குடித்தனம். வீட்டுக்காரி என்னைவிடச் சில வயது மூத்தவர். அக்கா என்பதற்கு, ஊரார் போலவே நானும் லாத்தா என்று கூப்பிட்டேன். அவர் என்னை டீச்சர் என்பார். பாசமோ கோபமோ மிஞ்சினால் புள்ள.

தொண்ணூறில், ஆயுதம் தாங்கியவர்கள் வடக்கு முஸ்லிம்கள் எல்லாரையும் போகச் சொல்ல, ஊரோடு வெளியேறியபோது அவர் சிறுமி. புத்தளத்தில் வளர்ந்து, கலியாணம் முடித்து, பிள்ளைகள் பெற்று, பிறகு தன்னந்தனியாகத் திரும்பி வந்து வாப்பாவின் இடிந்த வீட்டை நிமிர்த்தினார். கணவரும் பிள்ளைகளும் வரவில்லை. அங்கே கடை இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, பேரப்பிள்ளை இருக்கிறது. இங்கே என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டதற்கு லாத்தா கண்டுபிடித்த பதில்தான் நண்டு.

கண்டல் காட்டோரமாக நண்டு வளர்க்கும் குளங்கள் பெருகியிருந்த காலம். குளத்தில் விட இளம் நண்டு கிடைக்காமல் எல்லாரும் அலைந்தார்கள். முட்டையிலிருந்து பொரிக்க வைத்து, நண்டு என்று சொல்லக்கூடிய அளவுக்குக் கொண்டுவந்துவிட்டால், பின்வளவிலிருந்தே ஒரு குடும்பம் பிழைக்கலாம். அதற்குரிய பயிற்சிக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் போய்வந்தோம். கணவர் தொலைபேசியில் நிபந்தனை சொன்னபோதும் நான் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

“இந்த வாடைக்காத்து முடியக்குள்ள நண்டக் காட்டு. கடையப் பூட்டிட்டு எல்லாரும் வாறம். இல்லாட்டி நோன்பு பிறக்க முன்ன நீ இங்க வந்திரு. அந்த வீட்டப் பிறகு பாப்பம்.”

“ஒரு குஞ்சாவது நண்டானா நான் வரமாட்டன்” என்றார் லாத்தா.

“ஒண்டோ நூறோ, காட்டு பாப்பம்.”

கண்டல் சேற்றில் வாழும் பெரிய பச்சை நண்டு, முட்டையிடக் கரையில் நிற்பதில்லை. சினைப்பட்ட தாய் சேற்றை விட்டு ஆழக்கடலுக்குப் போகும். எங்களுக்குக் கிடைத்த தாய் அப்படிப் போகிற வழியில் வலையில் பட்டது. கொண்டுவந்த வலைக்காரர் அதன் அடிவயிற்று மடலை விரலால் தூக்கிக் காட்டினார். உள்ளே தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பஞ்சுப் பொதி.

“கறியாக்கினாலும் இதுதான் ருசி, லாத்தா. சொல்லிப்போட்டன்.”

“உங்கட பொண்டாட்டி புள்ளத்தாச்சியா இருக்கக்குள்ள கறியா ஆக்கினீங்க?”

“அவ என்னையெல்லோ கறியாக்கினவ” என்று சிரித்துக்கொண்டே நண்டைப் பரலில் இறக்கிவிட்டுப் போனார்.

சினை நிறம் மாறியது. தோடம்பழம் கபிலமாகி, கபிலம் கறுத்தது. லாத்தா பதறினார், அழுகிவிட்டதாக நினைத்து. ஒரு துணுக்கை எடுத்து நுணுக்குக்காட்டியில் வைத்துக் காட்டினேன். ஒவ்வொரு முட்டைக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள். கறுப்பு என்று நாங்கள் கண்டது முழுவதும் கண்கள். உலகத்துக்கு வரமுன்னமே ஒரு வயிறு நிறையக் கண்கள் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஒரு காலை, தாயின் வயிறு வெறுமையாகி, பரல் தண்ணீர் முழுக்கத் தூசி பறந்தது. கொட்டிலுக்கு ஒரேயொரு யன்னல். மழை இருட்டுக்குள் அந்த வெளிச்சத்தை நோக்கித் தூசி முழுவதும் ஒரே பக்கமாகத் திரண்டது. உயிருள்ளது வெளிச்சத்துக்கு வரும், செத்தது அடியில் கிடக்கும். அதைவிட எளிமையான நோட்டம் இல்லை. லாத்தா பிஸ்மில்லா சொல்லி ஒரு துளியை எடுத்து என் கண்ணாடித் தட்டில் விட்டார். ஒரு கண்ணை மூடிக் குனிந்தவர் அப்படியே நிமிர்ந்தார்.

“இது நண்டா? தண்ணித் தொட்டிக்குள்ள நெளியிற நுளம்புக் குடம்பியெல்லோ இது! மூக்கில முள்ளு, முதுகில முள்ளு, வால் ரெண்டாப் பிளந்து கிடக்கு. தாய் பாத்தா என்ட புள்ள இல்ல எண்டு சொல்லிரும்.”

அவர் சொன்னதில் பிழையில்லை. முன்னொரு காலத்தில் கடலை ஆராய்ந்தவர்களும் இதை வேறொரு உயிர் என்றே நினைத்து வேறொரு பெயர் வைத்தார்கள். வளர்த்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது, அது பிள்ளை என்று. வைத்த பெயரை எடுக்கவில்லை. பாடப்புத்தகத்தில் இன்னும் சோயியா என்றே இருக்கிறது. ஐந்து தடவை சட்டை கழற்றவேண்டும் அது. ஐந்தாவதைக் கழற்றினால் வேறொரு உருவம். முள்ளில்லை, கொடுக்கு முளைத்திருக்கும், வால் மட்டும் இறால் போல நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு மெகலோப்பா என்று இன்னொரு பெயர். அந்த உருவில்தான் அது ஆழத்திலிருந்து கரையைத் தேடித் திரும்பி வரும். கடைசியாக ஒரு சட்டை. வாலை வயிற்றின் கீழே மடித்துக்கொண்டு பக்கவாட்டில் நடக்கத் தொடங்கினால், அன்றைக்கு நண்டு.

நான் இதைச் சொல்லிக்கொண்டு போனபோது என் குரல் எங்கே போகிறது என்று லாத்தாவுக்கு விளங்கிவிட்டது.

“டீச்சர், எங்களையும் நண்டுக் குஞ்சையும் ஒண்டாக்கிப் பேசாதீங்கோ. அதை யாரும் நாள் குறிச்சுப் போ எண்டு சொல்லேல்ல. அதுட பாட்டில போகுது, வருது.”

அதற்குப் பிறகு நான் அந்த உவமையைத் தொடவில்லை. அவருக்கு முன்னால் தொடவில்லை என்று சொல்லவேண்டும்.

பயிற்சி தந்த அலுவலர் தினமும் ஒரு குவளை நீரில் எத்தனை குஞ்சு என்று எண்ணச் சொல்லியிருந்தார். லாத்தா விடவில்லை.

“எண்ணினா பரக்கத் போயிரும், அல்லாஹ் தாற பெருக்கம் நிண்டிரும். உங்கட ஊரில நெல் அளக்கக்குள்ள முதல் மரைக்காலுக்கு ஒண்டு எண்டா சொல்லுறீங்க?”

இல்லை. லாபம் என்றுதான் சொல்லுவோம். அப்பா அப்படித்தான் அளந்தார், அண்ணையும் அப்படித்தான் அளக்கிறார். ஆகவே எண்ணாமல், ‘நிறைய’ என்றும் ‘இன்னும் நிறைய’ என்றும் சொல்லிக்கொண்டோம். கண்ணுக்குத் தெரியாத சில்லுயிர்களை முதலில் தீனியாக ஊற்றினோம், பிறகு டின்னில் வரும் உப்பு இறால் முட்டைகளைப் பொரிக்க வைத்து அந்தத் தூசி இறால்களை. தூசிக்குத் தூசி உணவு. காற்று மோட்டர் பகலும் இரவும் கரகரத்துக்கொண்டிருந்தது. அந்தக் கரகரப்பு நின்றால் குஞ்சுகள் மூச்சு முட்டிச் சாகும் என்பதால், நாங்கள் அது இல்லாத அமைதிக்குப் பயப்படப் பழகினோம்.

ஒருநாள் பரலைக் கழுவிக்கொண்டிருக்கையில் சொன்னேன். “லாத்தா, நண்டு எண்டது ஒரே வம்சமில்லை. கிட்டின சொந்தமில்லாத சில உயிர்கள் தனித்தனியா, வேற வேற காலத்தில, வாலை மடிச்சு, உடம்பு சப்பையாகி, நண்டு உருவத்துக்கு வந்திருக்கு. கடல் திரும்பத் திரும்ப நண்டு செய்து பாக்குது.”

“அப்ப நண்டாகிறது லேசான வேலை போல” என்றார். “எங்கடதுக்குத்தான் ஏலாமக் கிடக்கு.”

அது நாங்கள் முதலில் பொரிக்க வைத்த அந்தக் குஞ்சுகளை நினைத்துச் சொன்னது. அவற்றுக்கு வடகடல் தண்ணீரை ஊற்றினோம். எருக்கலம்பிட்டிக்கு வடகடல் காலடியில். ஆனால் வாடைக்காற்றில் அது சேற்றைக் கிளப்பித் தேத்தண்ணி நிறத்தில் நிற்கும். எத்தனை துணியில் வடித்தும், அந்தக் குஞ்சுகள் இரண்டாவது சட்டையைக் காணவில்லை.

இது இரண்டு கடல் உள்ள தீவு. கச்சான் காற்றுக்குத் தென்கடல் கொதிக்கும்போது வள்ளங்கள் வடகரைக்கு மாறும். வாடைக்கு வடகடல் கொதிக்கும்போது தென்கரைக்கு மாறும். அமைதியாகக் கிடக்கிற கடல்தான் நல்ல கடல் என்பது இங்கே தாய்ப்பாலோடு வருகிற அறிவு. ஆகவே வலைக்காரர் இரண்டாவது தாயைக் கொண்டுவந்தபோது தென்கடல் என்று முடிவெடுத்தோம். லாத்தாவின் மச்சான் ஒருவர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் தாங்கியை ஏற்றிக் கொண்டுபோய் தென்கரையிலிருந்து தண்ணீர் கொண்டுவருவார். கண்ணாடி மாதிரித் தண்ணீர். பரலின் அடியில் போட்ட காசைத் தலையா பூவா என்று சொல்லலாம்.

பெருமழைக்குப் பிறகு உப்பு மட்டும் கொஞ்சம் குறைந்தது. அருவி ஆறு பெருகி அந்தப் பக்கந்தான் கடலில் விழுகிறது. அதற்கும் எங்களிடம் வழி இருந்தது. மழைக்கு முன் உப்பளத்துப் பாத்தியில் எடுத்து வைத்திருந்த தடித்த நீரைக் கலந்தோம். உப்புமானி சரி என்றது. தெளிவும் சரி, உப்பும் சரி. அப்போது கடலும் சரிதானே. ஆறு ஒன்றைக் குறைத்தது என்றால் வேறொன்றைக் கூட்டியும் இருக்கும் என்று கடற்கரைக்காரியான அவருக்கும் தோன்றவில்லை, வயல்காரர் மகளான எனக்கும் தோன்றவில்லை.

முதலில் நல்ல நாள்கள்தான். இரண்டாவது சட்டை கழன்றது. மூன்றாவதும் கழன்றது. கழற்றிய வெறும் தோல்கள் தண்ணீரில் மிதந்தன, கண் இருந்த இடம்கூட அச்சாக. கண்ணாடிக் குவளையில் அள்ளினால் சின்ன முத்துகள் போலக் குஞ்சுகள் வெறுங்கண்ணுக்கே தெரியத் தொடங்கின. லாத்தா புத்தளத்துக்குப் பேசும்போது முதல்தடவையாக, மூத்த மகனின் பிள்ளைக்கு இந்த ஊர்ப் பள்ளியில் இடம் விசாரித்ததைச் சொன்னார். முன்னறையில் இருந்த சாமான்களை அகற்றி, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார். என்னிடமும் சொன்னார்.

“அவங்க எல்லாரும் வந்தாலும் நீங்க போகத் தேவையில்ல புள்ள. பின்னறை உங்களுக்குத்தான்.”

யாரும் எனக்கு ஓர் அறையை அப்படித் தந்ததில்லை.

நாலாவது சட்டையில் நின்றது.

காலையில் கொட்டிலுக்குள் போனால் யன்னல் பக்கம் கூட்டம் மெலிந்திருந்தது. அடியில் ஒரு சாம்பல் படிவு. ஒரு துளியை எடுத்து வைத்துப் பார்த்தேன். நோயில் செத்தவை மாதிரி இல்லை. பூஞ்சணம் இல்லை, பட்டினி இல்லை. குடலில் தீனிகூட இருந்தது. ஒவ்வொன்றும் பழைய தோலுக்குள்ளிருந்து பாதி வெளியே வந்து, அப்படியே நின்றிருந்தது. கால்கள் உள்ளே மாட்டிக்கொண்டன, தலை மட்டும் வெளியே. கழுத்தில் சட்டை சிக்கிய குழந்தை மாதிரி. சில இன்னும் துடித்துக்கொண்டிருந்தன. தண்ணீர் மாற்றினோம், தென்கடல் தண்ணீர்தான். கூடுதலாகச் செத்தன. மறுபடி மாற்றினோம்.

அந்த வாரம் அண்ணை மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கண் காட்ட வந்தவர், ஒரு பூசணிக்காயோடு என்னைப் பார்க்க வந்தார். கொட்டில் வாசலில் நின்றபோதே அவருடைய சேட்டில் அந்த மணம்.

“இதென்ன தங்கச்சி, வெறுந்தண்ணியைச் சுத்தி நிண்டு செத்தவீடு கொண்டாடுறியள்?”

“நண்டுக் குஞ்சு, அண்ணை. தோல் கழட்டேலாமல் சாகுது.”

அவரைக் குனியவைத்தேன். நெடுநேரம் பார்த்தார். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றி வைத்தார்.

“அட, இது அறக்கொட்டி சாகிற மாதிரியெல்லோ கிடக்கு.”

அறக்கொட்டி என்பது நெல்லின் அடித்தண்டில் மொய்த்துச் சாறு குடிக்கும் சின்னப் பூச்சி. அதற்கு இந்தப் போகம் புது மருந்து வந்திருப்பதாகச் சொன்னார். “கடைக்காரன் சொன்னவன், இது பழைய நஞ்சுகள் மாதிரியில்லை, மனுசருக்கு ஒண்டும் செய்யாது, பூச்சி வளரேக்க தோல் கழட்டேலாமல் தானாச் செத்துப்போகும் எண்டு. நல்ல மருந்து. அடிச்ச கிழமையே மழை கொட்டிப்போட்டுது. வயல் முட்டி வழிஞ்சு, வாய்க்காலை வெட்டிவிட்டனாங்கள்.”

“வாய்க்கால் எங்கை போகுது அண்ணை?”

“ஆத்துக்குத்தான். ஆறு எங்கை போகும்?” என்று கேட்டவர் பரலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

எத்தனையோ வருடம் வகுப்பில் நின்று சொல்லியிருக்கிறேன். பூச்சியும் நண்டும் ஒரு வழிச் சொந்தம். ஓட்டுடம்பு, மூட்டுக்கால், வளரவேண்டுமென்றால் சட்டை கழற்றவேண்டும். அந்தக் கடற்குடும்பத்தின் ஒரு கிளைதான் எப்போதோ கரையேறிப் பூச்சியானது. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், பரீட்சைக்கு வரும் என்று. இருவரும் பிரிந்து யுகங்கள் ஆகிவிட்டன, ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஆனால் சட்டை கழற்றும் வித்தை மட்டும் இருவரிடமும் அதே பழைய வித்தை. மருந்து அந்த இடத்தைத்தான் பிடிக்கிறது. அதற்கு வயல் எது, கடல் எது?

“அப்ப நான் அடிக்காமல் விட்டா?” என்றார் அண்ணை. யாரும் அவரைக் கேட்கவில்லை. “அறக்கொட்டி ஒரு கிழமையில வயலை வைக்கோலாக்கிப் போடும். நான் மட்டுமே அடிச்சனான்? குளத்துத் தண்ணியில வயல் செய்யிற முழுப்பேரும்தான்.”

தேத்தண்ணியோடு வாசலில் நின்ற லாத்தா எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

“அண்ணே, தேத்தண்ணியக் குடியுங்கோ, ஆறுது” என்றார். அவர் வாங்கிக்கொண்ட பிறகு சொன்னார். “நீங்க உங்கட புள்ளைகளுக்குச் சோறு போட அடிச்சீங்க. நான் என்ட புள்ளைகளக் கூப்பிட இதை வளத்தன். இதில யாரோட சண்டை புடிக்கிறது? சண்டை எண்டாலாவது கொஞ்சம் ஆறுதல்.”

மருந்துதான் என்று என்னால் இன்றைக்கும் உறுதியாகச் சொல்ல முடியாது. சோதித்துச் சொல்ல யாரும் இருக்கவில்லை. சாம்பல் படிவை ஒரு போத்தலில் அடைத்து வைத்திருந்தேன், கெட்டு நாறியதும் ஊற்றிவிட்டேன். அமைதியான கடலில் ஆறு, ஆறில்லாத கடலில் சேறு. அடுத்த வாடைக்கும் இதே இரண்டு கடல்கள்தான். அடுத்த போகத்துக்கும் அறக்கொட்டி வரும், அண்ணை அடிப்பார், அடிக்காதே என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அந்த நெல்லில்தான் நானும் படித்தேன்.

கழிந்து கழிந்து கடைசியில் ஒரு பரல் மிஞ்சியது. அதில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில, எப்படியோ ஐந்தாவது சட்டையையும் கழற்றிக் கொடுக்கோடு நின்றன. கொடுக்கு முளைத்ததும் ஒன்றையொன்று தின்னத் தொடங்கின. ஒளித்துக்கொள்ள வலைத்துண்டுகளைத் தொங்கவிட்டோம். ஒருநாள் வலைத்துண்டை உதறியபோது, லாத்தாவின் உள்ளங்கையில் பயறளவில் ஒன்று விழுந்தது. வாலைக் காணோம். பக்கவாட்டில் நடந்தது.

நண்டு.

அன்று பின்னேரம் லாத்தா புத்தளத்துக்குத் தொலைபேசி எடுத்தார்.

“நண்டு வந்திட்டு.”

“எத்தினை?”

லாத்தா என்னைப் பார்த்தார். “ஒண்டு.”

மறுமுனையில் சிரிப்புக் கேட்டது. பிறகு சிரிப்பு நின்றது. நான் அவர் ஏசுவார் என்று எதிர்பார்த்தேன், ஏசினால் லாத்தாவும் ஏசுவார், ஏச்சிலிருந்து இன்னொரு வாடைக்காலத் தவணை பிறக்கும். ஆனால் அந்த மனிதர் மெதுவாகச் சொன்னார். “சரி. நல்லாக் களைச்சிட்டாய். வந்திரு.” ‘ஒண்டோ நூறோ’ என்று சொன்னவரை லாத்தா அந்தச் சொல்லில் பிடித்து நிறுத்தவில்லை; அந்த இரக்கத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது.

நண்டைக் கண்டல் ஓரத்துக்குக் கொண்டுபோனோம். வேர்களுக்கிடையில் முழங்கால் சேற்றில் இறங்கி லாத்தா கையைத் தண்ணீருக்குள் வைத்தார். அது விரல் நுனிவரை நடந்தது, நின்றது, இல்லாமற் போனது.

“ஸலாம்கூடச் சொல்லாமப் போறான் பாருங்கோ” என்றார். கொக்கு ஒன்று எதிரில் நின்றுகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதைக் காணாதது போல வந்துவிட்டோம்.

நோன்புக்கு முந்திய வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை கழிந்ததும் மன்னார் பஸ் நிலையத்துக்குப் போனோம். சுண்ணாம்பு அடித்த முன்னறையைப் பூட்டித் திறப்பை எனக்குத் தந்திருந்தார், அடுத்த மாற்றம் வரும்வரை இருக்கச் சொல்லி. புத்தளம் பஸ் ஏற்கனவே உறுமிக்கொண்டிருந்தது. அந்த உறுமல் காற்று மோட்டர் சத்தம் மாதிரி இருந்ததால் எனக்கு அது நிற்கவே கூடாது போலிருந்தது. லாத்தா யன்னல் இருக்கையில் அமர்ந்து, கைப்பையை மடியில் வைத்து, தலையை வெளியே நீட்டினார்.

“டீச்சர், இனிச் சொல்லலாம். முதல் நாள் எத்தினை இருந்திச்சு?”

“நான் எண்ணேல்லை, லாத்தா.”

“மெய்யாவா?”

“மெய்யா.”

“அப்ப எத்தினை போனதெண்டும் எங்களுக்குத் தெரியாது. நல்லம்.” பஸ் நகரத் தொடங்கியது. “அந்த மோட்டர் வயரக் கழட்டி உள்ள வையுங்கோ புள்ள, எலி கடிச்சிரும்.”